காய்ச்சல் மாறிய பின்னர் வரும் காய்ச்சல்

கொவிட் - 19 பரவத் தொடங்கிய காலத்தில் அந்நோய் சிறுவர்களைப் பெரிதும் பாதிக்காது என்ற நம்பிக்கை நிலவியது. 2020 ஏப்ரலில் அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. கடுங்காய்ச்சலுடனும் வலுவிழந்த இதயத்துடனும் சிறுவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்படுவதாகப் பிரித்தானிய வைத்தியர்கள் எச்சரித்தனர். மறுமாதமே உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோய்க்கு வரைவிலக்கணம் வகுத்தது. சிறுவர்களைத் தாக்கும் பல்லுறுப்பு அழற்சி நோய் இதுவே. 2021 இல் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் இத்தகைய நோயாளர்கள் இனங்காணப்பட்டனர்.

தொற்று ஏற்பட்டு 2 முதல் 6 வாரங்களின் பின்னரே இந்நோய் தலைகாட்டுகின்றது. வைரசை எதிர்க்கக் கிளர்ந்த நிர்ப்பீடனத் தொகுதி அடங்காமல் உடலின் சொந்த உறுப்புகளிலேயே அழற்சியைத் தோற்றுவிக்கின்றது. ஆதலால் பரிசோதனையில் வைரசு தென்படாது, பிறபொருளெதிரி மட்டும் காணப்படுவதுண்டு. முதல் தொற்று சாதாரண தடிமனாகவோ அறிகுறி எதுவுமின்றியோ கடந்துபோயிருக்கலாம்.

மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம், தோலில் சிவந்த தழும்புகள், கண் சிவத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். 1967 இல் ஜப்பானிய வைத்தியர் கவசாக்கி விவரித்த நோயை இது ஒத்தது. எனினும் அந்நோய் பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டோரையே தாக்கும். இதுவோ பாடசாலை செல்லும் வயதினரையும் பெருமளவில் தாக்கியது. குருதியமுக்கம் வீழ்வதும் இதயத்தசை நலிவதும் இதில் அஞ்சத்தக்கவை.

நமது நாட்டில் காய்ச்சல் என்றதும் முதலில் டெங்கு நினைவுக்கு வருவது நியாயமே. இரு நோய்களிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையக்கூடும். இவற்றைப் பிரித்தறியும் வைத்தியருக்குப் பெற்றோரின் வாக்குமூலம் பெருந்துணையாகும். கடந்த இரு மாதங்களுக்குள் வீட்டில் எவருக்கேனும் தடிமன், காய்ச்சல் இருந்ததா என்பதைக் கேட்குமுன்னரே கூறிவிட வேண்டும். பரசிற்றமோல் தவிர்ந்த வலிநிவாரணிகளைத் தாமாகக் கொடுத்தலாகாது. டெங்கு எனில் அவை குருதிப்பெருக்கை உண்டாக்கலாம்.

இமியூனோகுளோபியூலின், ஸ்டீரொயிட் மருந்துகளால் உரிய வேளையில் சிகிச்சை பெற்ற சிறுவர்களில் பெரும்பாலானோர் பூரண குணமடைந்தனர். ஆயினும் இதயப் பரிசோதனைக்குக் குறித்த தினங்களில் செல்வது அவசியம். இமியூனோகுளோபியூலின் பெற்ற பிள்ளைக்குச் சில தடுப்பூசிகளைப் பிற்போட நேருமாதலால் அதனைக் கிளினிக்கில் அறிவிக்க வேண்டும்.

ஒமிக்ரோன் திரிபின் வருகைக்குப் பின்னர் இந்நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது, எனினும் அற்றுப்போகவில்லை. காய்ச்சல் மூன்று நாட்களைக் கடந்தாலோ, பிள்ளை சோர்ந்து மூச்சுவாங்கினாலோ கைமருந்துடன் காத்திராது வைத்தியசாலையை நாடுவதே பெற்றோரின் கடமையாகும்.