முட்டை குடிக்கும் தண்ணீர்

தை, மாசி மாத விடியலில் பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் கடற்கரையில் நடந்தால், சின்ன டிராக்டர் ஏறிப்போனது போல ஒரு தடம் கண்ணில் படலாம். பங்குனி ஆமை முட்டையிட வந்த தடம். பின்துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றரை அடிக்குக் குழி பறிக்கும். காய்ந்த மணலில் குழி சரிந்துகொண்டே வரும்; ஈரமணல் தட்டினால்தான் நிற்கும். அந்த ஈரம்தான் முட்டைக்கும் வேண்டும்.

ஒரு குழியில் நூறுக்கு மேலும் இருக்கும். கோழிமுட்டையின் கெட்டி ஓடு இல்லை, நெகிழும் தோல். இட்ட புதிதில் சில முட்டைகள் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். நாள் ஆக ஆக மணலின் ஈரத்தை உறிஞ்சிப் பந்து போல விம்மிவிடும். கோழிக்குஞ்சுக்கு வேண்டிய தண்ணீர் முழுக்க ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆமைக்குஞ்சோ வெளியிலிருந்தும் குடித்து வளர்கிறது!

ஈரம் மிஞ்சினாலும் ஆபத்து. முட்டை மூச்சும் விடவேண்டும். கடல்நீர் ஏறி நின்றால் மணல் துகள்களுக்கிடையே உள்ள காற்று வெளியேறி, கரு திணறிச் சாகும். அதனால்தான் அலை எட்டும் இடத்து முட்டைகளை, புரட்டாமல் எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள்.

மலைப்பாம்பின் முட்டையும் இதே தோல் முட்டைதான். ஆனால் தாய் விட்டுப்போவதில்லை, சுருண்டு அணைத்துக்கொள்ளும். அப்படி அடைகாக்கும்போது உடல் சூடேறுவதை இந்தியாவில் கண்டதாக லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1832இல் சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. 1841இல் அதே பாரிஸில் வலென்சியன் என்பவர் வெப்பமானி வைத்து அளந்தார். சூடு உண்மைதான், தசைகளை விட்டுவிட்டு உதறி உண்டாக்கும் சூடு.

எனக்கு அதைவிட வியப்பானது ஈரக்கணக்கு. வறண்ட காற்றில் திறந்து கிடந்தால் முட்டை நீரிழந்து சுருங்கும். தாய் இறுக்கிச் சுற்றினால் ஈரம் தங்கும், ஆனால் உள்ளே காற்று குறையும். ஆகவே அவ்வப்போது சுருளைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்குகிறது. ஆஸ்திரேலிய மலைப்பாம்புகளிடம் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

பங்குனி ஆமைக்கு அந்த வாய்ப்பு ஒரே முறை. குழியை மூடியதும் உடம்பை இருபக்கமும் ஆட்டி ஆட்டி, அடிவயிற்றால் மணலைத் தட்டி இறுக்கும். பிறகு கடலுக்குப் போய்விடும். ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து, மேல்மணல் குளிர்ந்த ஓர் இரவில், அந்த இடம் லேசாக உள்வாங்கும். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு சின்னத் தலை எட்டிப்பார்க்கும்.