படிவத்தில் ஒரு கட்டம், அடுப்படியில் மூன்று மொழி

மலேசியாவில் பிறந்த நாம் எல்லாரும் விவரம் தெரிந்த நாள்முதல் நிரப்பி வரும் கட்டம் ஒன்று உண்டு. பள்ளியில் சேரும்போதும், உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், வேலைக்கு மனுச் செய்யும்போதும் ‘இனம்’ என்று கேட்கும் கட்டம் அது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். இவற்றில் ஒன்றுக்கு அடையாளமிட வேண்டும். பலருக்கு அது ஒரு நொடி வேலை. கலப்புத் திருமணத்தில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த இடத்தில் பேனா சற்று நிற்கும்.

என் அப்பா ஹக்கா சீனர். திரிங்காப்பில் கோசும் தக்காளியும் பயிரிடும் குடும்பம். அம்மா தமிழர், அவரைப் பெற்றவர்கள் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்புப் பத்திரத்தில் பெரும்பாலும் தந்தையின் இனமே பிள்ளைக்கும் எழுதப்படுகிறது. ஆகவே தாளில் நான் சீனர். படித்ததோ தமிழ்ப்பள்ளி. தம்பி படித்தது சீனப்பள்ளி. வீட்டில் தமிழ், ஹக்கா, மலாய் மூன்றும் ஒரே சாப்பாட்டு மேசையில் புழங்கும்.

“நீ சீனப் பிள்ளையா, தமிழ்ப் பிள்ளையா?” என்று என்னைக் கேட்டவர்கள் ஏராளம். பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனாலும் பதில் சொல்லத் தெரியாத கேள்வியை வருடக்கணக்கில் சுமப்பது எளிதன்று. அதே கேள்வியை வேறு யாரெல்லாம் சந்தித்தார்கள் என்று தேடிப் படித்தேன். நம் நாட்டு மலாக்காவிலும், தொலைதூரச் செக் நாட்டிலும் எனக்குப் பதில்கள் கிடைத்தன.

தேயிலைக் கிண்ணம்

கேமரன் மலைக்கு அந்தப் பெயர், 1885இல் இங்கு நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனால் வந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழர்கள் தேயிலைச் சரிவுகளில் உழைத்தார்கள். சீனர்கள் பள்ளத்தாக்குகளில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் வந்தால், இரண்டு வகைப் பசுமையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போனார்கள். அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் பழகினார்கள்.

திருமணப் பேச்சு வந்தபோது இரு வீட்டிலும் எதிர்ப்பு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதார் எந்த இனத்தவராயினும் ஒரே சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்கிறார்கள். பதிவுக்குச் சட்டம் இருந்தது. சமையலறைக்கு யார் சட்டம் எழுதுவது?

அப்பாவின் தாயாரை நாங்கள் ‘ஆ போ’ என்போம். மருமகள் தாளிக்கும் வாசம் அவருக்கு ஆகாது. கடுகு வெடித்தால் சன்னலைத் திறந்து வைப்பாராம். முதல் புரட்டாசியில் அம்மா மாதம் முழுவதும் சைவம் என்று சொன்னபோது, அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்கிண்ணத்தையும் கொய்யாமரக் கட்டையையும் எடுத்து வைத்து அரைக்க உட்கார்ந்தார். தேயிலை, புதினா, துளசி வகை இலை, வேர்க்கடலை, எள். அரைத்த விழுதில் வெந்நீர் ஊற்றி, சோற்றின்மேல் பொடியாக நறுக்கிய பயற்றங்காய், கோசு, தவுபூ பரப்பித் தந்தார். அது ‘லெய் சா’, ஹக்கா மக்களின் தேநீர்ச் சோறு. வழக்கமாகச் சேர்க்கும் காய்ந்த இறாலை அன்று அவர் சேர்க்கவில்லை.

“சாப்பிடு. இதுவும் உன் தோட்டத்துத் தேயிலைதான்” என்று மலாயில் சொன்னாராம்.

அன்றைக்குப் பிறகு அம்மா ஹக்கா கற்றுக்கொள்ளத் தொடங்கினார். சளி பிடித்தால் ஆ போ ரசம் கேட்கும் காலமும் வந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் இன்றும் லெய் சாதான்.

மலாக்கா சொல்வது

எங்கள் வீட்டுக் கதை புதிது என்று நினைத்திருந்தேன். மலாக்கா செட்டிகளைப் பற்றிப் படித்தபோது, அது ஐந்நூறு ஆண்டுப் பழைய கதை என்று தெரிந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். 1511இல் போர்த்துகீசியரும், 1641இல் டச்சுக்காரரும் மலாக்காவைப் பிடித்தார்கள். தாயகத்தோடு தொடர்பு மெல்ல அறுந்தது. வீட்டுமொழி மலாயாக மாறியது. பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தினார்கள்.

ஆனால் சமயம் போகவில்லை. அவர்களுடைய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது. பொங்கலுக்கு முதல்நாள் போகியன்று ‘பராச்சு’ என்ற முன்னோர் வழிபாடு நடத்துகிறார்கள். வாழையிலை விரித்துப் படையல் வைப்பது நம் வழக்கம். அந்த இலையில் நாசி லெமாக்கும் உள்ளூர்ப் பலகாரங்களும் இருக்கும். இலை தமிழ், சோறு மலாய். கும்பிடுவது தமிழ்ப் பெயர் கொண்ட முன்னோரை.

இதில் மகிழ்ச்சியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. வழிபாடும் உணவும் நூற்றாண்டுகளைத் தாண்டி வந்துவிட்டன. மொழி வரவில்லை.

செக் நாட்டில் ஒரு சமையல் நூல்

செக் நாடு என்றதும் தமிழ் மாணவர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய பெயர் கமில் சுவெலபில். 1927இல் பிராகா நகரில் பிறந்து, தமிழ் கற்று, தமிழ் இலக்கியத்தைப் பற்றி 1973இல் ‘முருகனின் புன்னகை’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் எழுதியவர். அவர் பிறந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போய்த்தான் மற்றவற்றையும் படித்தேன்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செக் நிலத்தில் நிர்வாகமும் உயர்கல்வியும் ஜெர்மன் மொழியில் நடந்தன. செக், பெரும்பாலும் கிராமத்தாரின் மொழி. அதை மீட்கப் பலர் உழைத்தார்கள். அகராதி செய்தவர்கள், கவிதை எழுதியவர்கள் நடுவில், மக்தலேனா தோப்ரோமிலா ரெட்டிகோவா சமையல் நூல் எழுதினார். ஜெர்மன் மொழியில் வளர்ந்தவர் அவர். செக் ஆர்வலரான கணவரின் ஊக்கத்தால் செக் மொழியில் எழுத வந்தார். 1826இல் வெளியான அந்த நூல் செக் மொழியை நடுத்தரக் குடும்பங்களின் அடுப்படிக்குள் கொண்டுபோனது. இன்று செக் மேசையில் முதலிடம் பெறும் க்னெட்லீக் என்ற மாவுருண்டைக்கு ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உறவுகள் உண்டு. குலாஷ் ஹங்கேரியிலிருந்து வந்தது. உணவு அண்டை வீட்டிலிருந்து வந்தாலும், அதைச் சொல்லும் மொழி தம்முடையதாக இருந்தது.

அந்த நாட்டின் தந்தை எனப்படும் தோமாஷ் மசாரிக்கின் தந்தை ஸ்லோவாக்கியர். தாய் ஜெர்மன் சூழலில் வளர்ந்த மொராவியர். மசாரிக் மணந்ததோ நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த சார்லட் கேரிக் என்ற அமெரிக்கப் பெண்ணை. 1878இல் திருமணம் முடிந்ததும், மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயரின் நடுவில் சேர்த்துக்கொண்டார். மனைவி செக் மொழியைக் கற்றார். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது அதன் முதல் அதிபர் பெயர் தோமாஷ் கேரிக் மசாரிக். ஒரு தேசத்தின் முகமாக நின்ற மனிதர், தாம் இன்னொரு வீட்டுக்கும் உரியவர் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்தார்.

நாம் செய்யக்கூடியவை

சென்ற ஆண்டு தம்பிக்கு மகள் பிறந்தாள். தம்பி மனைவி சீனர். தம்பிக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. இன்னும் ஒரு தலைமுறையில் எங்கள் வீட்டுத் தமிழ், ரசத்தோடும் முறுக்கோடும் நின்றுவிடக்கூடும். குழந்தையிடம் தமிழில் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவளுக்கு நான் அத்தை. அந்தச் சொல்லே அவளுக்கு முதல் பாடமாகட்டும். ஆ போவின் சமையல் குறிப்புகளையும் எழுதி வருகிறேன். எனக்குச் சீன எழுத்து தெரியாது. ஆகவே ஹக்கா சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். அவர் சொல்ல, நான் படித்துக்காட்ட, உச்சரிப்பு தவறினால் அவர் திருத்துவார்.

கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளே, தமிழ்ப்பள்ளியில் படிக்கவில்லை என்றால் தமிழே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்துதர வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுக்க ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் அடையாளம் இருக்க வேண்டியதில்லை.

கலப்பில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் வகுப்பில் என்னைப் போல ஒருவர் இருந்தால், “நீ யார்?” என்று கேட்பதை விட்டு, “உன் வீட்டில் இன்று என்ன சமையல்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் எப்போதும் பதில் உண்டு.

வரும் பள்ளி விடுமுறையில் பாட்டியிடம் உட்காருங்கள். அவர் எந்த இனத்துப் பாட்டியானாலும் சரி. ஒரே ஒரு பதார்த்தம் கேளுங்கள். எதை எவ்வளவு போட வேண்டும், யாரிடம் கற்றார், அவர் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று எழுதி, கீழே தேதியும் போட்டு வையுங்கள்.