அடுத்த புதுப்பிப்புக்கு இடம் இருக்கிறதா?

கடந்த நவம்பர் மாதத்தில் ஒரு முற்பகல், ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர் ஒருவர் தம் டேப்லெட்டுடன் எங்கள் கிளைக்கு வந்தார். வாழ்நாள் சான்றிதழை வீட்டிலிருந்தே முகம் காட்டிப் பதிவு செய்ய அவர் விரும்பினார். ஆனால் அதற்கான செயலியை நிறுவ முயன்றபோதெல்லாம் ‘போதிய இடம் இல்லை’ என்ற அறிவிப்பே வந்தது. இயங்குதளத்தைப் புதுப்பிக்க முயன்றாலும் அதே பதில். சான்றிதழைக் கிளையிலேயே பெற்றுக்கொண்டோம். புறப்படும்போது அவர் கேட்டார்: “சென்ற ஆண்டு இடம் இருந்ததே ஐயா! நான் புதிதாக ஒன்றும் வைக்கவில்லையே. அந்த இடம் எங்கே போயிற்று?”

நியாயமான கேள்வி. டேப்லெட்டில் வங்கிப் பணிகளைச் செய்யும் வாடிக்கையாளர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் அதற்கான விடையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இரண்டு நினைவகங்கள்

டேப்லெட் வாங்கும்போது இரண்டு எண்கள் சொல்லப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ‘4 ஜி.பி., 64 ஜி.பி.’ முதலாவது ராம் எனப்படும் செயல் நினைவகம், இரண்டாவது சேமிப்பகம். வங்கிக் கிளையைக் கொண்டு சொல்வதானால், ராம் என்பது காசாளரின் மேசை. சேமிப்பகம் என்பது பெட்டக அறை. அந்த நேரத்தில் நடக்கும் வேலைக்கு உரியவை மட்டுமே மேசைமேல் இருக்கும். மற்றவை அனைத்தும் பெட்டக அறையில் இருக்கும். மேசை சிறியதானால் வேலை மெதுவாகும்; பெட்டக அறை நிரம்பினால் புதிதாக எதையும் வைக்க முடியாது. ‘போதிய இடம் இல்லை’ என்ற அறிவிப்பு பெட்டக அறையைப் பற்றியது.

பெட்டியில் அச்சிட்ட 64 ஜி.பி. என்பது 6,400 கோடி பைட்டுகள். 1,024இன் மடங்குகளாகக் கணக்கிடும் கருவிகளில் அதே அளவு ஏறத்தாழ 59.6 என்று தெரியும். இதில் இழப்பு எதுவும் இல்லை, அளவுகோல்தான் வேறு. இயங்குதளமும் அத்துடன் வரும் செயலிகளும் கொண்ட பங்கு போக எஞ்சியதே நமக்கு.

இடம் எங்கே போகிறது?

நாம் எதையும் வைக்காவிட்டாலும் கருவி தானாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு செயலியும் தன் புதிய பதிப்பில் சற்றே பருமனாகிறது. பார்த்த காணொளிகளின் தற்காலிகக் கோப்புகள் தங்கிவிடுகின்றன. உறவினர்களும் நண்பர்களும் நாள்தோறும் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் ஓசையின்றிக் குவிகின்றன. எங்கள் வாடிக்கையாளரின் கருவியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தவை இவைதாம்.

இயங்குதளப் புதுப்பிப்பின் தேவை இன்னும் பெரிது. அதற்குத் தரவிறக்கத்தின் அளவு மட்டும் இருந்தால் போதாது. சுருக்கி அனுப்பப்பட்ட கோப்பை விரித்து, சரிபார்த்து, நிறுவும் வரை கூடுதல் இடம் வேண்டும். பேரேடுகளிலிருந்து கணினிக்கு மாறிய காலத்தில் இரண்டு கணக்குகளையும் சில காலம் இணையாக எழுதியதாக மூத்த அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். புதியது சரியென்று உறுதியாகும் வரை பழையதை மூட முடியாது. டேப்லெட்டிலும் அதுவே நிகழ்கிறது. வேலை முடிந்ததும் இந்த இடத்தின் பெரும்பகுதி நமக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது எவ்வளவு கேட்கும்?

வரவிருக்கும் புதுப்பிப்பின் அளவை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல இயலாது. ஆயினும் கடந்தகாலக் கணக்கைப் பார்த்து மதிப்பிடலாம்.

2014இல் வெளியான ஐஓஎஸ் 8, கருவியிலேயே நேரடியாக நிறுவுவதற்கு 4.6 ஜி.பி. காலியிடம் கேட்டது. 16 ஜி.பி. ஐபேட் வைத்திருந்தவர்கள் படங்களை அழித்தால்தான் புதுப்பிக்க முடியும் என்ற நிலை ஏற்பட்டது. மறு ஆண்டில் ஐஓஎஸ் 9 அந்தத் தேவையை 1.3 ஜி.பி.யாகக் குறைத்தது. நிறுவும் முறையைச் செம்மைப்படுத்தினால் தேவை குறையவும் கூடும் என்பதற்கு இது சான்று.

எனினும், புதிய வசதிகள் அந்த இடத்தை மீண்டும் நிரப்புகின்றன. ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதிக்கு மட்டும் 7 ஜி.பி. காலியிடம் வேண்டும். விண்டோஸ் 10, 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புதிய கருவிகளில் ஏறத்தாழ 7 ஜி.பி.யைப் புதுப்பிப்புகளுக்கென முன்னதாகவே ஒதுக்கிவைத்தது. விண்டோஸ் 11 நிறுவவே குறைந்தது 64 ஜி.பி. சேமிப்பகமும் 4 ஜி.பி. ராமும் தேவை.

இவற்றைக் கொண்டு பார்க்கையில், ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய புதுப்பிப்புக்கு 10 முதல் 15 ஜி.பி. வரையும், இடையில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு 2 முதல் 3 ஜி.பி. வரையும் காலியாக வைத்திருப்பது நலம் என்பது எங்கள் மதிப்பீடு. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைப்பதைப் போல இதையும் கருதலாம்.

ராம் பற்றியும் ஒரு சொல். படங்களை அழித்துச் சேமிப்பகத்தைக் காலி செய்யலாம். டேப்லெட்டின் ராமைப் பிறகு கூட்ட இயலாது. 2025 மார்ச்சில் வெளியான ஏ16 சில்லு கொண்ட ஐபேடின் தொடக்க அளவே 128 ஜி.பி.; ஆனாலும் மேற்கூறிய செயற்கை நுண்ணறிவு வசதி அதில் இல்லை. அதற்கு ஐந்து மாதங்கள் முன்னதாக வந்த ஐபேட் மினியில் உண்டு. எனவே, புதிதாக வாங்குவோர் சேமிப்பகத்தோடு ராமையும் சில்லையும், எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு தரப்படும் என்பதையும் கேட்டறிந்து வாங்க வேண்டுகிறோம்.

வங்கிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு நெறிமுறைகளின்படி, வங்கிச் செயலியின் புதிய பதிப்பு வெளியான ஆறு மாதங்களுக்குள் பழைய பதிப்புகள் முடக்கப்பட வேண்டும். ஆகவே, செயலியைப் புதுப்பிக்க இடமில்லாத கருவியில் ஒருநாள் வங்கிச் சேவை நின்றுவிடும். அந்த நாள், தவணை கட்ட வேண்டிய கடைசி நாளாகவும் அமைந்துவிடலாம்.

பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தில் பணப்பரிமாற்றம் செய்வது உகந்ததன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்ததை இங்கே நினைவூட்டுகிறோம்.

செய்ய வேண்டியவை

முதலில் ‘அமைப்புகள்’ பகுதியில் சேமிப்பகத்தைத் திறந்து, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப் செயலியின் சேமிப்பக நிர்வாகப் பகுதியில் பெரிய கோப்புகளும் பலமுறை பகிரப்பட்டவையும் தனித்தனியே காட்டப்படும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம்.

நீக்கிய படங்கள் உடனே மறைவதில்லை. ஐபேடில் ‘அண்மையில் நீக்கியவை’ தொகுப்பில் 30 நாள்கள் வரை அவை தங்கியிருக்கும். கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில், காப்புப் பிரதி எடுத்த படங்கள் 60 நாள்கள் வரை இருக்கும். அங்கிருந்தும் நீக்கினால்தான் இடம் கிடைக்கும். விரும்பிய படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டே இதைச் செய்யுங்கள்.

நினைவக அட்டை பொருத்தும் வசதி இருந்தால் படங்களை அதற்கு மாற்றலாம். அட்டையில் உள்ள காலியிடம் இயங்குதளப் புதுப்பிப்புக்கு நேரடியாக உதவாது. உள் சேமிப்பகத்தில் இடம் விடுபடுவதே அதன் பயன்.

இடத்துக்காக வங்கிச் செயலியை நீக்க வேண்டாம். அதன் தற்காலிகக் கோப்புகளை அழிப்பதில் தீங்கில்லை. ‘தரவை அழி’ என்பதை அழுத்தினாலோ செயலியையே நீக்கினாலோ, பதிவை முதலிலிருந்து மீண்டும் செய்ய நேரிடும்.

ஓர் எச்சரிக்கை

‘உடனே புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்ற செய்தியுடன் ஒரு கோப்பையோ இணைப்பையோ அனுப்பி ஏமாற்றும் கும்பல்கள் உள்ளன. இயங்குதளப் புதுப்பிப்பைக் கருவியின் ‘அமைப்புகள்’ வழியாகவும், செயலிப் புதுப்பிப்பை பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் போன்ற அதிகாரபூர்வ தளங்கள் வழியாகவும் மட்டுமே பெறுங்கள். எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பை அனுப்பாது. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, தங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அந்த ஓய்வூதியரின் டேப்லெட்டில் அன்றே 11 ஜி.பி. இடம் விடுபட்டது. பேரக்குழந்தைகளின் படங்களில் ஒன்றைக்கூட நாங்கள் அழிக்கவில்லை. வரும் நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. தங்கள் கருவியின் கையிருப்பை இன்றே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.