தானே மெலியும் ஹீலியம்

வண்ணார்பேட்டைப் பக்கம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வந்தவர்கள் காதைப் பிளக்கும் சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த இயந்திரத்தின் காந்தச் சுருளை மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் குளிர வைத்திருப்பது திரவ ஹீலியம். லைடன் நகரில் 1908-ல் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கியபோது, வாயுவை மோனசைட் மணலிலிருந்துதான் பிரித்தெடுத்தார். நம் தென்கோடிக் கடற்கரை மணலிலும் அந்தக் கனிமம் உண்டு.

மைனஸ் 269 டிகிரியிலிருந்து இன்னும் இரண்டு டிகிரி குளிர்வித்தால், 2.17 கெல்வினில், திரவ ஹீலியத்தின் குணமே மாறிவிடுகிறது. பாகுத்தன்மை மறைந்து மீப்பாய்மம் ஆகிறது. கிண்ணத்தின் உட்சுவரில் படலமாக ஏறி வெளியே வழிந்துவிடும். பாகுத்தன்மை மறைவதைக் கபிட்சாவும், தனியாக ஆலன், மைஸ்னர் இருவரும் 1938-ல் வெளியிட்டார்கள்.

எனக்கு இதைவிட வியப்பு அந்தப் படலத்தின் தடிமன்தான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஃபேல் கார்சியாவும் மோசஸ் சானும் செம்புத் தகடுகளில் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள ஹீலியப் படலத்தைப் படரவிட்டார்கள். அவற்றின் மின்தேக்குதிறனை வைத்துத் தடிமனை அளந்தார்கள். நிலைமாறும் வெப்பநிலையை நெருங்கியதும் படலம் மெலிந்தது. முடிவு 1999-ல் வெளிவந்தது.

யார் அழுத்தினார்கள்? யாருமில்லை. நிலைமாறும் தறுவாயில் திரவம் ஒரு முடிவுக்கு வராமல் தத்தளிக்கிறது. மீப்பாய்மத் திட்டுகள் சிறிதும் பெரிதுமாகத் தோன்றி மறைகின்றன. தாமிரபரணியில் எழும் பெரிய சுழலுக்குக் குறுகிய பாளையங்கால்வாயில் இடம் ஏது? அதுபோலப் படலத்தைவிடப் பெரிய தத்தளிப்புகளுக்கு உள்ளே இடமில்லை. இந்தத் தடையால் படலத்தின் ஆற்றல் அதன் தடிமனைப் பொறுத்ததாகிறது. ஹீலியத்தில் மெலிந்தால் ஆற்றல் குறையும்; அதனால் படலத்தின் இரு பரப்புகளும் நெருங்குகின்றன. வெற்றிடத்தில் உலோகத் தகடுகள் ஈர்க்கும் என்று காசிமிர் 1948-ல் சொன்னதற்கு இது தம்பி முறை; இப்படி ஒரு விசை எழும் என்று ஃபிஷரும் டி ஜென்னும் 1978-லேயே கணித்திருந்தார்கள்.

மேலும் குளிர்வித்த பிறகும் படலம் பழைய தடிமனுக்கு முழுதாகத் திரும்பவில்லை. மீப்பாய்மத்துக்குள்ளும் அதன் மேற்பரப்பிலும் எழும் ஓயாத அலைகளே காரணம் என்று 2004-ல் சண்டி, ருட்னிக், கார்டார் மூவரும் விளக்கினார்கள்.

தத்தளிப்பால் எழும் இந்த விசை எப்போதும் ஈர்ப்பாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2002-ல் கார்சியாவும் சானும் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையில் சோதித்தபோது படலம் தடித்தது.