வாசலில் ஒரு பாட்டி

"விண்ணப்பத்தில் செல்பேசி எண் ஒரு இலக்கம் குறைந்தால், பொத்தானை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் திட்டு விழுகிறது. நெட் போயிருந்தாலும் விழுகிறதே, எப்படி?" என்கிறார் ஒரு வாசகர்.

'ஸ்மார்ட் ஃபார்ம்' விற்பவர்கள் இதற்கும் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டுவார்கள். நம்பாதீர்கள். நாலைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட்தான். பக்கம் திறந்தபோதே உங்கள் போனுக்குள் வந்துவிட்டது.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1993இல் வந்த சிஜிஐ முறையில் படிவத்தைச் சோதிக்கும் நிரல் சர்வரில்தான் ஓடும். எழுத்துப் பிழைக்கும் அங்கே போய்த் திரும்ப வேண்டும். 1995இல் நெட்ஸ்கேப்புக்காக பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபின், சோதனை பிரவுசருக்கும் வந்தது. இது போதும்.

ரசிக்க வேண்டியது இனிதான். பொத்தானை அழுத்தியதும் படிவம் கிளம்பிவிடுவதில்லை. பிரவுசர் முதலில் 'சப்மிட்' என்று குரல் கொடுக்கிறது. அதற்காகக் காத்திருக்கும் நிரல் ஓடுகிறது. அது 'பிரிவென்ட் டீஃபால்ட்' என்றால் பயணம் ரத்து. திண்ணையில் உட்கார்ந்து, "குடை எடுத்தியாடா?" என்று பேரனை மறிக்கும் பாட்டிதான் இந்த நிரல்.

பாட்டி பேசாதிருந்தால் சம்மதம் என்று பொருள். நிரல் பாதியில் பிழைபட்டு நின்றாலும் அப்படியே: பாட்டி கண்ணயர்ந்தால் பேரன் பஸ் ஏறிவிடுவான்.

'இந்தப் பயனர் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா?' என்று சர்வரைக் கேட்க வேண்டுமானால் சிக்கல் கூடுகிறது. பதில் வரும்வரை பிரவுசர் காத்திராது. பாட்டி முதலில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் எதிர்வீட்டில் விசாரிக்க வேண்டும். விசாரித்தபின் பிடிக்கலாம் என்றால் அவன் தெருமுனை தாண்டியிருப்பான்.

பதில் சாதகமாக வந்தால், நிரலே படிவத்தை அனுப்பலாம். அதற்கான பழைய 'சப்மிட்' கட்டளை அந்தக் குரலை மறுபடி எழுப்பாது. பாட்டியே "போய்ட்டு வாடா" என்றபின் குடை விசாரணை எதற்கு? விசாரணையும் வேண்டுமென்றால் 'ரிக்வெஸ்ட்சப்மிட்' என்ற புதிய கட்டளை இருக்கிறது. அதை யோசிக்காமல் உள்ளேயே அழைத்தால் பேரன் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைய நேரும்.

ஆனால் பாட்டிக்குக் கொல்லைப்புறம் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டோ, பக்கத்தையே திறக்காமலோ எவரும் சர்வருக்கு நேராகத் தகவல் அனுப்பலாம். ஆகவே பிரவுசர் சோதனை பயனருக்கான வசதி; காவல் அல்ல. "எங்கள் படிவம் முழுப் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால், அதே சோதனை சர்வரிலும் நடக்கிறதா என்று கேளுங்கள்.