காற்றாலை உச்சியில் ஒரு வகுப்பறை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று, தூரத்துக் காற்றாலை ஒன்றைக் கட்டைவிரலால் மறையுங்கள். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் காற்றாலையை விட்டு விலகித் தாவும். இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருப்பதால் இரண்டும் வெவ்வேறு படங்களைப் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதைத்தான் நிரூபித்தார். இரண்டு தட்டைப் படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டினார். படம் புடைத்து எழுந்தது. 1984-இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தைப் பார்க்கக் கொட்டகையில் கண்ணாடி கொடுத்ததும் இதற்காகத்தான்.

வேடிக்கையோடு இது நிற்கவில்லை. இரட்டைப் படங்களைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் வியூமாஸ்டர் கருவியைக் கண்டுபிடித்த வில்லியம் க்ரூபரும் உடற்கூறியல் அறிஞர் டேவிட் பாசெட்டும் சேர்ந்து மனித உடலை 1,500-க்கும் மேற்பட்ட இரட்டைப் படங்களாக எடுத்து, 1952 முதல் 1962 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். எந்த நரம்பு மேலே போகிறது, எந்த ரத்தக்குழாய் அடியில் ஓடுகிறது என்று தட்டைப் படத்தில் குழம்பும் மாணவருக்கு அது பெரிய உதவி.

முப்பரிமாணப் படத்தில் கேமரா நின்ற இடமே நம் இடம். கண்ணாடிபோல் தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவியில் அப்படியில்லை. தலையைத் திருப்பினால் உணரிகள் அதைக் கண்டுகொள்ளும். கணினி புதுக் காட்சியை வரையும், வினாடிக்கு 90 முறைகூட. வரைவது கொஞ்சம் பிந்தினாலும் தலை சுற்றும், குமட்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் மெய்நிகர்த் துறைக்கென்றே ‘எக்ஸ்டிக்’ என்ற மையம் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவியால் கற்பிக்க ஏற்ற பாடம் ஆரல்வாய்மொழியிலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. இங்குள்ள பொறியியல் மாணவர்கள் தினமும் பேருந்து ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்க்கிறார்கள். உச்சியிலுள்ள இயந்திர அறைக்குள் போனவர் எத்தனை பேர்? உள்ளே போக இறக்கைகளை நிறுத்த வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் கொட்டும்போது மாணவருக்காக யார் நிறுத்துவார்? கியர்பாக்ஸ், பிரேக், ஜெனரேட்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நெருங்கிக் கிடக்கும் அறை அது. இரு கண் பார்வை மிக நன்றாக வேலை செய்வதும் அந்தத் தூரத்தில்தான். அதனால் மெய்நிகர்க் கருவியில் காட்ட வேண்டியது அந்த அறையை. கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைக் காட்ட இந்தக் கருவிக்குச் செலவிடுவது வீண். அவ்வளவு தூரத்தில் இரு கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே படம்தான்.

கரும்பலகையில் முடிகிற சமன்பாட்டுக்கும் இந்தக் கருவி வேண்டாம். ஆசிரியர்களே, போக முடியாத இடத்தைக் காட்ட மட்டும் மாணவருக்கு மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிவிடுங்கள். சில நிமிடங்களில் கழற்றச் சொல்லி, பார்த்ததை வரையச் சொல்லுங்கள்.