கிளைவ் பெற்ற அயர்லாந்துப் பட்டம்

ஆற்காட்டு முற்றுகை, பிளாசிப் போர் என்று நாம் படித்த ராபர்ட் கிளைவ், அயர்லாந்தின் பிரபுவும்கூட. 1762இல் அவருக்கு ‘கிளேர் கவுண்டி, பிளாசியின் பாரன் கிளைவ்’ என்ற பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்டது. வங்காளத்துப் பிளாசி அயர்லாந்துக்கு எப்படிப் போனது? கிளைவ் அங்கே நிலம் வாங்கி, 1757இல் தான் வென்ற போர்க்களத்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். லிமெரிக் நகரையொட்டி, பல்கலைக்கழகம் இருக்கும் பகுதிக்கு இன்றும் பிளாசி என்றுதான் பெயர்.

ஆனால் அவர் ஆசைப்பட்டது இந்தப் பட்டத்துக்கு அல்ல. லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார வேண்டுமானால் பிரிட்டிஷ் பட்டம் வேண்டியிருந்தது. அயர்லாந்துக்கு அப்போது டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்தது. அயர்லாந்துப் பிரபுவுக்கு இடம் அங்கேதான். எனவே லண்டன் சபையில் கூட்டம் சேராமல் ஒருவரைக் கௌரவிக்க நினைத்தால், அரசாங்கம் அயர்லாந்துப் பட்டத்தைக் கொடுத்துவிடும். வாங்கியவர்களில் பலருக்கு அந்த நாட்டோடு ஒட்டோ உறவோ கிடையாது. அயர்லாந்து மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். டப்ளின் நாடாளுமன்றத்தில் அவர்கள் உறுப்பினராகவே முடியாது. அவர்களுடைய நாட்டின் பெயரால் இப்படிப் பிரபுக்களை உண்டாக்கியது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கிளைவுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் இந்தப் பட்டத்தில் ஓர் அனுகூலம் இருந்தது. பிரிட்டிஷ் பிரபு அப்போது மக்கள் சபைத் தேர்தலில் நிற்க முடியாது. அயர்லாந்துப் பிரபு நிற்கலாம். 1761 முதல் ஷ்ரூஸ்பரி தொகுதி உறுப்பினராக இருந்த கிளைவ், 1774இல் சாகும்வரை அந்த இடத்தை விடவில்லை. இந்தியாவில் அவர் சேர்த்த செல்வத்தைப் பற்றி 1773இல் மக்கள் சபை விவாதித்தபோது, உறுப்பினர் என்ற முறையில் அங்கேயே எழுந்து தனக்காக வாதாடினார்.

பட்டம் ஆண் வாரிசு வழியில் மகன் எட்வர்டுக்குப் போனது. அவருக்கு 1794இல் பிரிட்டிஷ் பட்டமும் கிடைத்ததால், தந்தைக்கு எட்டாத பிரபுக்கள் சபையில் அவர் நுழைந்தார். 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்தின் கவர்னர் இவர்தான். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது இவருடைய காலத்தில். 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் அப்போதே. இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடத்தை எழுப்பியவரும் இவரே.

எட்வர்டின் மனைவி ஹென்றியட்டா, வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டைக் குடும்பத்துப் பெண். அவருடைய அண்ணன் போவிஸ் ஏர்ல் 1801இல் வாரிசில்லாமல் இறந்தார். அதனால் அற்றுப்போன பட்டம் 1804இல் எட்வர்டுக்குப் புதிதாக வழங்கப்பட்டது. ஏர்ல் என்பது பாரனைவிட உயர்ந்த படி. அதுமுதல் அயர்லாந்துப் பட்டம் அதற்கு அடங்கிய துணைப் பட்டமாகிவிட்டது.

இதற்கிடையே 1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டு, டப்ளின் நாடாளுமன்றம் மூடப்பட்டது. அயர்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் 28 பேரை ஆயுட்காலத்துக்குத் தேர்ந்தெடுத்து லண்டனுக்கு அனுப்பலாம் என்று ஏற்பாடாயிற்று. 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்துபோனபின் அந்தத் தேர்தலும் நின்றது. அயர்லாந்துக் குடியரசு இத்தகைய பட்டங்களை வழங்குவதில்லை. பிரிட்டனில் அவை இன்னும் செல்லும். கிளைவின் பட்டமும் போவிஸ் ஏர்ல்களிடம் இருந்துவருகிறது.